அவருக்காக நான் தின்ற தக்காளி

என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் அளவு. செடிகளுக்கு அளவே இல்லை.

காலையில் நான் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வாளியை எடுக்கும்போது, அவர் எனக்கு முன்னாலேயே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மடியில் சின்னதாக ஒரு நீலப் பாட்டில். அதில் இருப்பதுதான் அன்று பூராவும் அவருக்கு. தாகம் எடுத்தால் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மூடியைத் திருகி மூடிவிடுவார். நான் அவர் கண் முன்னால் வாளி வாளியாகக் கொண்டு போய்ச் செடிக்கு ஊற்றுவேன். எனக்கே அது என்னவோ போல இருக்கும். அவரோ, "வேர்ல ஊத்து. எலையில படாம" என்று மட்டும் சொல்வார்.

எங்கள் வீடு கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளின் கடைசியில் இருக்கிறது. மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. செடிகளுக்கு வெயில் வேண்டுமென்று முன்பக்கமாகத்தான் வைக்கச் சொன்னார். குழாயோ பின்னால், சமையல்கட்டுக்கு வெளியே. நீளமான ரப்பர் குழாய் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். முன்னால் வந்து சேர்வதற்குள் தண்ணீர் நூல் மாதிரி இளைத்துவிடும். அதனால் வாளிதான். இந்த முறை பழைய பெயிண்ட் வாளிகளில் ஒன்பது செடிகள் இருந்தன. காலையில் ஒரு தடவை, வெயில் கடுமையாக இருந்தால் சாயங்காலமும் ஒரு தடவை.

இதுவே கடைசி என்று விதை போட்ட நாளிலிருந்தே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. எனக்கு எதையும் வாயைத் திறந்து சொல்வது சிரமம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கேரித் தீவில் தமிழ்ப்பள்ளியில் படித்தபோதும் பதில் தெரிந்த கேள்விக்குக் கை தூக்க மாட்டேன். ஆறாம் வகுப்போடு அந்தத் தொல்லையும் முடிந்தது.

இந்தத் தக்காளிப் பைத்தியம் அவருக்கு லோரி ஓட்டிய காலத்தில் பிடித்தது. கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே இறங்குவார். அங்கே ஒரு சீனத் தோட்டக்காரர், விற்பதற்கு இல்லாமல் தன் வீட்டுக்கென்று நாலைந்து செடி வைத்திருந்தாராம். ஒரு பழம் இரண்டு கையாலும் பிடிக்கும் அளவு. கோணல்மாணலாக, மடிப்பு மடிப்பாக இருக்குமாம். அதைக் குறுக்கே வெட்டி ஒரு துண்டை இவர் கையில் கொடுத்திருக்கிறார். லோரிப் படியில் உட்கார்ந்து தின்றதாகச் சொல்வார். "அது தக்காளி இல்ல. வேற என்னமோ" என்பார். என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரிட்டயர் ஆன பிறகு கைப்பேசியில் படம் பார்த்துப் பார்த்து, மகளை விட்டு விதை வாங்க வைத்தார்.

பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மகளைக் கேட்டேன். பீஃப்ஸ்டேக் என்றாள். அப்படியென்றால் என்ன என்றேன். மாட்டுக்கறித் துண்டு என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இத எப்படிங்க சாமிக்கு வைக்கிறது?" என்று அவரிடம் கேட்டேன்.

"செடிக்குத் தெரியுமா தன் பேரு என்னான்னு?"

"சாமிக்குத் தெரியுமே."

"சாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. வையி" என்றார். நான் வைக்கவில்லை.

அப்போது வைப்பதற்குப் பழமும் இல்லை என்பது வேறு விஷயம். முதலில் போட்ட செடியெல்லாம் நன்றாக வளர்ந்து, ஒரு நாள் மத்தியானம் பச்சை இலையோடு அப்படியே தொங்கிவிடும். பழுக்காது, காயாது, பூச்சியும் இருக்காது. காலையில் நின்ற செடி சாயங்காலம் துவண்டு கிடக்கும். நம் மண்ணில் அந்த நோய் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுச் சீன ஆன்டிதான் சொன்னார். கத்தரிச் செடிக்கு அந்த நோய் அவ்வளவாக வராதாம். கீழே கத்தரி வேர், மேலே தக்காளித் தண்டு என்று ஒட்டுப் போடச் சொன்னார். இவர் சவர பிளேடை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வெட்டி வெட்டிப் பழகினார். ஒட்டுப் பிடித்தது. அந்த வருடம் ஒரே ஒரு பழம் வந்தது. அதையும் அணில் தின்றது. ஆனாலும் தோட்டக்காரன் ஆகிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் சிறுநீரகம் இரண்டும் போனது. செவ்வாய், வியாழன், சனி என்று டயாலிசிஸ். முதல் வாரமே அங்கே இருக்கும் நர்ஸ் மிஸ்ஸி எங்களை உட்கார வைத்து, எதையெல்லாம் தொடக்கூடாது என்று சொன்னாள். வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கு என்று போய்க்கொண்டிருந்தது. தக்காளி என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இத்தோடு தக்காளி முடிந்தது என்றுதான் நினைத்தேன். மனிதர் விடவில்லை. சாப்பிடத்தானே கூடாது, வளர்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்றார். அவருடைய இடது கையில் இரண்டு ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் கனம் தூக்கக்கூடாது. வலது கை நடுங்கும். அதனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார், நான் செய்வேன். மண் கலப்பது, குச்சி கட்டுவது, மேலே மழைக்குப் பிளாஸ்டிக் விரிப்பது எல்லாம் நான்தான். ஒட்டுப் போடுவதும் என் தலையில் விழுந்தது.

"சாய்ச்சு வெட்டு. அவ்ளோ இல்ல. நீ என்ன வெண்டிக்காயா நறுக்குற?"

"கண்ணு தெரியலைங்க."

"கண்ணாடிய போடு."

"போட்டுத்தானே இருக்கேன்."

"அப்ப தொடச்சிப் போடு."

வெட்டிய இரண்டு தண்டையும் சேர்த்து, ஸ்ட்ராவைக் கீறி அந்தத் துண்டைச் சுற்றிப் பிடிக்க வைப்பேன். பிறகு கடையில் மீ நூடுல்ஸ் கட்டித் தரும் டப்பாவைக் கவிழ்த்து மூடி, குளியலறை ஓரத்தில் இருட்டில் வைக்க வேண்டும். பாதி செத்துவிடும். செத்ததற்கு நான் பொறுப்பு, பிழைத்ததற்கு அவர் பொறுப்பு.

இந்த முறை மூன்று ஜாதி போட்டோம். ஒன்று பிங்க். ஒன்று மஞ்சள், அதில் சிவப்புக் கோடு ஓடும். ஒன்று கருப்பு. கருப்பு என்றால் சுத்தக் கருப்பு இல்லை, பழைய கத்தரிக்காய்த் தோலும் ரத்தமும் கலந்த மாதிரி ஒரு நிறம். ஒவ்வொன்றுக்கும் நீளமாக ஒரு வெள்ளைக்காரப் பேர் உண்டு. என் வாயில் நுழையாது. குச்சியில் எழுதி வைத்தால் மழையில் கரைந்து போகிறது. அவருடைய பழைய கைலியைக் கிழித்து, ஒரு ஜாதிக்குச் சிவப்புக் கரை, ஒரு ஜாதிக்கு நீலக் கட்டம், ஒன்றுக்கு வெறும் வெள்ளை என்று தண்டில் கட்டிவிட்டேன்.

இந்த ஊர் சூட்டில் அந்தத் தக்காளிக்குப் பூ நிற்காது. ராத்திரி குளிர்ந்தால்தான் காய் பிடிக்கும். கிள்ளானில் ராத்திரி எங்கே குளிர்கிறது? தீபாவளிக்கு முன்னால் விதைத்தால் வருடக் கடைசி மழையில் பூக்கும், அப்போது கொஞ்சம் தேவலை என்று அவர் கணக்கு. அப்படியும் காலையில் போனால் வாளியைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாகப் பூ உதிர்ந்து கிடக்கும். நின்ற பூவுக்கும் உதறல் கொடுத்தால்தான் மகரந்தம் உள்ளே விழும். வண்டு வந்து செய்ய வேண்டிய வேலை. எங்கள் தாமானுக்கு வண்டு வருவதில்லை. மகள் எனக்கு வாங்கித் தந்த பாட்டரி பல் பிரஷ்ஷை வைத்து ஒவ்வொரு பூக்காம்பிலும் தொட்டுக்கொண்டு போவேன். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். பூவுக்குப் பல் விளக்குகிறாள் கிழவி என்று நினைத்திருப்பார்கள். வெயிலுக்குப் போட்ட முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

அவர் கையில் தைத்த இடத்தைத் தொட்டால் உள்ளே ரத்தம் ஓடுவது அதிரும். காதை வைத்தால் வண்டு ரீங்காரம் மாதிரியே கேட்கும். ஒரு நாள் அந்தக் கையைச் செடிப் பக்கம் நீட்டினார்.

"பிரஷ் எதுக்கு? இங்கதான் மோட்டர் ஓடிக்கிட்டே இருக்கே. பூவ இதுல வையி."

"சும்மா இருங்க."

"பாட்டரி மாத்தற வேலையும் இல்ல லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த செடிக்குப் போனேன். முழங்கால் மடங்கவில்லை. வாளி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அவர் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காய் பிடித்தது. ஒன்பது செடியிலும் சேர்த்துப் பதினைந்துக்குள்தான். ஆனால் ஒவ்வொன்றும் பார்க்கப் பார்க்கப் பெருத்தது. கிளை தாங்காது என்று, வெங்காயம் வரும் வலைப்பையில் ஒவ்வொரு காயையும் போட்டு மேலே கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். அணிலுக்கும் அதுதான் தடுப்பு. சீன ஆன்டி வேலி ஓரம் நின்று மலாயில், "இனி தொமாத்தோ கா, லாபு?" என்று கேட்டார். தக்காளியா, பூசணியா என்று கேலி. இவருக்கு அன்றைக்கெல்லாம் முகம் மலர்ந்திருந்தது. வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொன்னார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் திட்டம் போட்டார். மூன்று ஜாதியும் இனிமேல் வேண்டாம். எது நல்ல ருசியோ அதில் மட்டும் விதை எடுத்து வைப்போம். அடுத்த முறை எல்லா வாளியிலும் அந்த ஒன்றே.

"ருசிய யாரு பாக்கிறது?" என்றேன்.

"நீதான். வேற யாரு இருக்கா?"

இதை நான் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் புரியுமோ என்னவோ. நான் சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை. உப்புக்கூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை. கை அளவு, வாசம், கொதிக்கிற சத்தம் இதை வைத்தே இறக்கிவிடுவேன். முதலில் சாமிக்கு ஒரு கிண்ணத்தில் எடுத்து வைப்பேன். பிறகு அவருக்கு. பிறகு பிள்ளைக்கு. எல்லாரும் எழுந்த பிறகு சமையல்கட்டில் நான் தட்டில் போட்டுக்கொள்ளும்போதுதான் அன்றைய குழம்பு எப்படி என்று எனக்கே தெரியும். உப்பு கூட இருந்தால் அதற்கு முன்பே அவர் சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் நாக்கு என்றால் அவர் நாக்குதான்.

இந்தப் பழத்தைப் பேர் காரணமாக நான் சாமிக்கு வைக்கவில்லை. சிறுநீரகத்தால் அவருக்குக் கொடுக்க முடியவில்லை. வரிசையில் முன்னால் இருந்த இரண்டு பேரும் விலகிக்கொண்டதால், அது நேராக என்னிடம் வந்து நின்றது.

முதலில் பழுத்தது ஒரு பிங்க். மழை பெய்தால் வெடித்துவிடும் என்று, நிறம் திரும்பும்போதே பறித்து அரிசி வாளியில் புதைத்து வைத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்து அவர் படுத்துவிட்டார். அந்த நாட்களில் அவர் முகத்தில் ரத்தமே இருக்காது. எனக்கும் காலையிலிருந்து அங்கே வெளி நாற்காலியில் காத்திருந்து இடுப்பு விட்டுப் போயிருந்தது. எனக்கு மட்டும் ஒரு ரசம் வைத்தால் போதும் என்று அடுப்பைப் பற்ற வைத்தேன். வீட்டில் பாசாரில் வாங்கும் சாதாரணத் தக்காளி இல்லை. அரிசி வாளியில் கை விட்டேன். பழம் மெத்தென்று இருந்தது. யோசிக்கவில்லை. எப்போதும் செய்வது போலப் புளித் தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்துவிட்டேன்.

சாயங்காலம் எழுந்து வந்து, "அந்தப் பிங்க் பழுத்திருக்குமே, எடு பாக்கலாம்" என்றார்.

நான் சட்டியைக் காட்டினேன்.

"ரசத்துலயா போட்ட?"

"ஆமாங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வெட்டறப்ப உள்ள எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"வெட்டலைங்க. பெசஞ்சிட்டேன்."

"பெசஞ்சிட்ட."

"சதைதான் நெறைய இருந்துச்சு. சாறே வரல. புளிப்பும் இல்ல, ரசம் சப்புனு போச்சு."

"ருசி பாத்தியா?"

"இல்ல. வாசத்துலயே தெரிஞ்சிச்சு."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மூன்று மாதமாக அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்த பழம். வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் ஆசைப்பட்டார். சாப்பிடக்கூட இல்லை, பார்க்க. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. "மிச்சத்தயாவது விட்டு வையி தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதில் கேலியும் இருந்தது, கும்பிடும் இருந்தது. அடுத்து பழுப்பதில் ஒவ்வொரு ஜாதியிலும் ஒன்றை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மகள் இருக்கும்போது, மூன்றையும் ஒரே தட்டில் வெட்ட வேண்டும் என்று முடிவானது.

மகள் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்கிறாள். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலேறி வருவாள். அன்று வந்தவள், நான் வாளியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பதைப் பார்த்துவிட்டாள். வாளியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னாம்மா இது, இவ்ளோ வீங்கியிருக்கு? அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மெதுவா பேசு."

"அப்பாகிட்ட சொல்லுங்க, முடியலன்னு."

"அவரு காலையில எழுந்திரிக்கிறதே அந்தச் செடிக்காகத்தான். அதுவும் இல்லன்னா செவுத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பாரு. நீ பாத்ததில்ல. ஆரம்பத்துல அப்படித்தான் இருந்தாரு."

அவள் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. இன்னிக்கு வெட்டறப்ப மூணும் நல்லா இல்லன்னு சொல்லிடுங்க. சப்புனு இருக்கு, நம்ம ஊருக்கு ஆகாதுன்னு சொல்லுங்க. அவரே விட்டுடுவாரு. முடிஞ்சிச்சு லா."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"யாருக்குத் தெரியப் போவுது? அப்பா சாப்பிட முடியாது. எனக்குத் தக்காளியப் பச்சையா தின்னா நாக்கு அரிக்கும். நீங்க சொல்றதுதான்."

அவள் சொன்னது சரிதான். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாளி இல்லை, பிளேடு இல்லை, பல் பிரஷ் இல்லை. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் காலையில் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கலாம். அப்படிப் படுத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. தலையை ஆட்டினேன். சரி என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். நானும் சரி என்றுதான் ஆட்டினேன்.

மூன்று பழத்தையும் கழுவித் துடைத்து மேசையில் வைத்தேன். கத்தியை அவர் தீட்டியிருந்தார். குறுக்கே வெட்டச் சொன்னார். பிங்க்கை வெட்டினேன். உள்ளே ஒரே சதை. கடைத் தக்காளி மாதிரி அறை அறையாகச் சாறும் விதையும் இல்லை. விதை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. அவர் துண்டைத் தட்டோடு தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மூக்கருகில் கொண்டு போனார். மஞ்சளை வெட்டியதும் நடுவிலிருந்து சிவப்பு, தீக்கொழுந்து மாதிரி நாலா பக்கமும் ஓடியிருந்தது. மகள்கூடக் கைப்பேசியில் படம் எடுத்தாள். கருப்பு, அளவில் சின்னது. மேல்பக்கம் வெடித்துத் தழும்பு விழுந்திருந்தது. உள்ளே கறுஞ்சிவப்பு, விதையைச் சுற்றிப் பச்சை. பார்க்க அழகில்லை.

"உப்பு போடாத. மொதல்ல சும்மா தின்னு" என்றார்.

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் தின்பதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பிக்கொண்டு, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு பிங்க் துண்டை வாயில் போட்டேன்.

"அங்க திரும்பிக்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்? இங்க திரும்பு."

திரும்பினேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

மகள் என்னை முறைத்தாள். மஞ்சளைத் தின்றேன்.

"இது?"

"நல்லா இருக்கு."

"இதுக்கு நான் அந்தச் சீன ஆன்டி பூனையக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்" என்றார். "எல்லாம் நல்லா இருக்குன்னா மூணையும் வைக்க வேண்டியதுதான்."

மகள் மேசைக்குக் கீழே என் காலை லேசாக மிதித்தாள். இப்போது சொல்ல வேண்டும். மூன்றாவதையும் தின்றுவிட்டு, ஒன்றும் சரியில்லைங்க, முதலில் உங்கள் மனம் நோகக்கூடாது என்று அப்படிச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். வார்த்தையைக்கூடச் சேர்த்து வைத்துக்கொண்டேன். கருப்புத் துண்டை வாயில் வைத்தேன்.

"என்னா? என்னா ஆச்சு?" என்றார் அவர்.

"ஆசம் பொய்" என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. உப்பும் இனிப்புமாகச் சீனக் கடையில் விற்கும் அந்தக் காய்ந்த புளிப்புப் பழம். லோரியில் தூக்கம் வராமல் இருக்க அவர் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையிலேயே அந்த வாசம் இருக்கும்.

"உப்பு போடாமலே உப்பு இருக்குங்க. மொதல்ல புளிப்பு, அப்புறம் இனிப்பு வருது. முழுங்கின பிறகு பொகை மாதிரி ஒரு வாசம் நிக்குது. இன்னும் நிக்குது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய தொண்டை ஏறி இறங்கியது.

"பிங்க்? இப்ப சொல்லு."

இனி மறைத்து என்ன? "அது ஜம்புப் பழம் மாதிரி. தண்ணியும் இனிப்பும். ஒடனே போயிடுது."

"மஞ்ச?"

"பப்பாளி. பல்லு மொளைக்காத புள்ளைக்குக் குடுக்கலாம்."

மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் கண்ணைத் திறக்காமல், "அதான். அந்தப் பொகைதான். எனக்குச் சொல்லத் தெரியாமப் போச்சு இத்தன வருசமா" என்றார். பிறகு கண்ணைத் திறந்தார். முகம் அந்தச் சீன ஆன்டி பூசணியா என்று கேட்ட நாளில் இருந்தது போல இருந்தது. "கருப்பு. அடுத்த தடவ ஒம்போது வாளியும் கருப்பு" என்றார்.

"என்னால முடியலைங்க" என்றேன்.

இதையும் நான் சொல்ல நினைக்கவில்லை. அன்று என் வாய் திறந்துகொண்டது, மூடத் தெரியவில்லை.

"எது முடியல?"

"தண்ணி தூக்க. குனிய. முட்டி மடங்கல."

"எப்பலேர்ந்து?"

"போன தடவ செடி போட்டதுலேர்ந்து."

"சொல்ல வேண்டியதுதானே."

"நீங்க காலையில எழுந்து வர்றீங்க, அதுக்காகத்தானே."

அவர் நீலப் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடினார். மகள் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இரண்டு தட்டைக் கழுவ அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

"ஒரு வாளி" என்றார் கடைசியில். "ஒண்ணு போதும். பின்னால, குழாய்கிட்ட வையி. ரப்பர் குழாய நானே புடிச்சி ஊத்துறேன். வலது கைதானே, நடுங்கினா நடுங்கட்டும்."

"பின்னால வெயில் இல்லைங்க. காய்க்காது."

"காய்க்காட்டிப் போவுது."

அவருக்கு அது எவ்வளவு பெரிய பேச்சு என்று எனக்குத் தெரியும். எனக்கு உடனே சந்தோஷம் வந்துவிடவில்லை. எட்டு வாளியை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது போலத்தான் இருந்தது. ஆனால் அன்று மத்தியானம் நான் படுத்தேன். எழுந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மகள் ரயிலுக்குப் புறப்பட்டு நின்றாள். "நான் என்ன சொல்லச் சொன்னேன், நீங்க என்ன சொன்னீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

கருப்பின் விதையைக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்திருக்கிறேன். மேலே ஆடை கட்டி நாறுகிறது. நாறினால்தான் விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு போகும் என்கிறார். மிச்சக் காயைப் பறித்துச் செடிகளைப் பிடுங்கியாயிற்று. காலி வாளிகளைச் சீன ஆன்டி எடுத்துக்கொண்டு போனார், பண்டான் செடி வைக்க. ஒரு வாளி மட்டும் சமையல்கட்டுக் கதவோரம் மண்ணோடு காத்திருக்கிறது. அவருடைய நாற்காலியும் இப்போது அங்கேதான். செடி இல்லாத மண்ணுக்கே காலையில் எழுந்து வந்து தண்ணீர் காட்டுகிறார். குழாயை மூட மறந்துவிடுகிறார். தரையெல்லாம் ஈரம். அதை நான்தான் துடைக்க வேண்டும்.

அடுத்த செவ்வாய் டயாலிசிஸுக்குப் போனபோது, மிஸ்ஸி அவர் கையில் ஊசி குத்த வந்தாள். இவர் அவளிடம் தொடங்கிவிட்டார்.

"மிஸ்ஸி, கருப்புத் தக்காளி பாத்திருக்கியா? உப்பே போட வேணாம். அப்படியே ஆசம் பொய்தான். முழுங்கின பொறவு பொகை வாசம் வரும் பாரு..."

அவள் ஊசியைக் கையிலேயே பிடித்தபடி நின்றாள். "அங்கிள்! தக்காளி சாப்டீங்களா?"

"நான் எங்க சாப்ட்டேன்?"

"பின்ன ருசி எப்படித் தெரியும்? பொய் சொல்லாதீங்க, ரத்தம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்."

அவர் நடுங்குகிற வலது கையைத் தூக்கி, கதவருகில் நின்ற என்னைக் காட்டினார். "நாக்கு அங்க நிக்குது. அதக் கேளு."

பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்ஸி, "உண்மையா ஆன்டி?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன சொல்வது? பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வர இன்னும் நான்கு மணி நேரம் ஆகும். எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி அதன் மேல் நீட்டிக்கொண்டேன்.